குனிஞ்சு பாரும், மருமோன்

வாரும் மருமோன், உதிலை இரும். கார் வாங்கப் போறீர் எண்டு கொம்மா ரெலிபோனிலை சொன்னவ. 1956ஆம் ஆண்டு ஒஸ்ரின் கேம்பிரிட்ஜாம், ஏ-50யாம், பச்சை நிறமாம், அதிலை முகம் பாத்துச் சவரம் செய்யலாமாம், அவ்வளவு பளபளப்பாம். ஸ்காபரோவிலை இருந்துகொண்டு படத்தைப் பாத்தே பாதிக் காசை அனுப்பிப் போட்டீராம். கெட்டிக்காரன். மிச்சப் பாதியைக் காரைப் பாத்த பிறகு குடுப்பம் எண்டு நினைச்சீர் பாரும், அந்தப் புத்தி கொப்பரின்ரை பக்கத்தாலை வந்திருக்காது. எங்கடை பக்கம்தான்.

காரிலை நான் ஒரு நொட்டையும் சொல்லமாட்டன். பேர்மிங்ஹாம் லோங்பிறிட்ஜிலை செய்த சாமான். ஏ-50 எண்டால் 1489 சீசீ எஞ்சின். 1954இலை இருந்து 1957 வரைக்கும்தான் செய்தவங்கள். செய்தவனுக்கே தெரியாத ஒரு வித்தையை அந்த எஞ்சினுக்குப் படிப்பிச்சது யாழ்ப்பாணத்தான். 1990க்குப் பிறகு பெற்றோல், பற்றறி, சீமெந்து ஒண்டும் வரவிடாமல் மறிச்சு வைச்ச காலம். நீர் அப்ப பிறக்கவுமில்லை. சூப்பிப் போத்தலாலை ரெண்டு சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குக் காட்டி, எஞ்சின் பிடிச்ச உடனை மண்ணெண்ணெய்க்கு மாத்தி ஓடினவை. அமுக்கம் குறைஞ்ச பழைய எஞ்சின் எண்டபடியாலை இருமி இருமி எண்டாலும் ஓடினது. கலியாணத்துக்கும் அந்தக் கார்தான், ஆசுப்பத்திரிக்கும் அந்தக் கார்தான், செத்தவீட்டுக்கும் அந்தக் கார்தான். மாப்பிள்ளை பொம்பிளையையும் மணந்தார், மண்ணெண்ணெயும் மணந்தார்.

ஆனபடியால் எஞ்சினைப் பற்றிக் கவலைப்படாதையும். நீர் என்ன செய்வீர் எண்டு எனக்குத் தெரியும். பொனற்றைத் திறந்து, இடுப்பிலை கையை வைச்சுக்கொண்டு கொஞ்சநேரம் எஞ்சினைப் பாப்பீர். ஒண்டும் விளங்காது. 'சத்தம் சோக்கா இருக்கு' எண்டு சொல்லுவீர். பிறகு ரயருக்குக் காலாலை ஒரு உதை. கார் பாக்கப் போறவன் எல்லாம் ஏன் ரயரை உதைக்கிறான் எண்டு எனக்கு இண்டுவரைக்கும் விளங்கேல்லை. கனடாவிலையும் உதைக்கிறவையோ? ரயர் கடையிலை வாங்கலாம். பழைய ஒஸ்ரின் எஞ்சினைக் கழட்டிப் பூட்ட இஞ்சை இன்னும் ஆக்கள் இருக்கினம். தகரம் உக்கினால்தான் கார் போச்சு.

உம்மடை காருக்கு முதல் ஒஸ்ரின்காரன் சோமசெற் எண்டொரு ஏ-40 விட்டவன், 1952இலை இருந்து 1954 வரை. அதுக்குக் கீழை தனியா ஒரு சட்டம் இருந்தது, சேசிஸ். மேலை உடம்பு உக்கினாலும் கீழை சட்டம் தாங்கும். கேம்பிரிட்ஜ் வந்தோடனை அந்தத் தனிச் சட்டத்தை எடுத்துப் போட்டாங்கள். உடம்புதான் சட்டம், சட்டம்தான் உடம்பு. கதவுக்குக் கீழை நீர் கால் வைச்சு ஏறுற படி இருக்கே, அதுக்குள்ளை பொள்ளல். அந்தப் பொள்ளல் பெட்டிதான் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒண்டா வைச்சிருக்குது. மொறிஸ் மைனரும் இந்தக் குடும்பம்தான். பத்து லட்சம் வித்த முதல் இங்கிலீசுக் கார் எண்டு அதுக்குப் பேர். அதிலை எத்தினை கார் படி உக்கி நடுவாலை தொங்கினது எண்டு ஆரும் கணக்கெடுக்கேல்லை.

கனடாவிலை பனிக்காலத்திலை றோட்டுக்கு உப்புக் கொட்டுறாங்களாம், அந்த உப்பு காரைத் தின்னுதாம் எண்டு போனமுறை வந்து பெரிய கதை சொன்னீர். பாவம் நீங்கள். உப்புக்கும் காசு, அதைக் கொட்டிற லொறிக்கும் காசு, அதுக்கு வரி வேறை. இஞ்சை அந்தக் கரைச்சல் ஒண்டுமில்லை. மூண்டு பக்கமும் கடல், நடுவிலை உப்பாறு, வாசலிலை ஆனையிறவு உப்பளம். வருசம் முழுக்கக் காத்து வந்து இலவசமாத் தூவிப்போட்டுப் போகும்.

கறள் பிடிக்க இரும்புக்குத் தண்ணியும் காத்தும் காணும். உப்பு அதிலை சேந்தால் அந்தத் தண்ணி மின்சாரம் நல்லாக் கடத்தும், வேலை கெதியா நடக்கும். அதோடை உப்புக்கு இன்னொரு குணம். காத்திலை ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் அது தானே ஈரத்தை இழுத்துக் கசியத் துவங்கும். மாரிகாலத்திலை அடுப்படிப் பேணிக்குள்ளை உப்புக் கசிஞ்சு கிடக்கிறதுக்கும் அதுதான் காரணம். மட்காட்டுக்குள்ளை ஒட்டியிருக்கிற உப்புக்கும் இரவிலை அதே கதிதான். மழை ஒரு துளியும் விழவேண்டாம். 'தம்பி, கார் மழையே காணாத கார்' எண்டு காரை விக்கிற தரகர் சொல்லுவார். அவர் பொய் சொல்லேல்லை. கறளுக்கு மழை தேவையெண்டு உமக்கு ஆர் சொன்னது?

இன்னொண்டு. கறள் இரும்பைவிடக் கனக்க இடம் பிடிக்கிற சாமான். தகட்டுக்கும் பெயின்ற்றுக்கும் நடுவிலை அது பருக்கேக்கை பெயின்ற் பப்படம் பொரியிற மாதிரி எழும்பும். வெளியிலை சுண்டுவிரல் நகமளவு கொப்பளம் கண்டால் உள்ளுக்கை உள்ளங்கையளவு போயிட்டுது எண்டு வையும். படியிலையும் கதவின்ரை அடியிலையும் அது உள்ளையிருந்துதான் வெளியாலை வாறது. வெளியிலை தெரியிறது கடைசி அத்தியாயம்.

இப்ப கார் எந்த ஊரிலை வளர்ந்தது எண்டு கேளும். சாதகம் கேக்கிறதிலை நாங்கள் ஆருக்கும் குறைஞ்சவை இல்லை, காருக்கு மட்டும் கேக்கிறேல்லை. பருத்தித்துறை, வல்வெட்டித்துறைக் கரையெண்டால் கார்த்திகை, மார்கழி வாடை கடலைக் கொண்டுவந்து முகத்திலை அடிக்கும். பண்ணைப் பக்கம், நாவாந்துறை, தீவுப்பகுதி எண்டால் வைகாசியிலை துவங்கிற சோளகம். ஆடி, ஆவணியிலை கல்லுண்டாய் வெளியாலையும் வல்லை வெளியாலையும் போய்ப் பாரும், நிலம் வெள்ளையாய்ப் பூத்துக் கிடக்கும். உதைப் படமெடுத்துப் பேஸ்புக்கிலை போடுறீர், வடிவுதான். அந்த வெள்ளைத் தூளிலை ஒரு பங்கு உம்மடை காரிலை ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். ஆனி மாசம் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழா. ஊர் முழுக்கக் காரைப் பிடிச்சுக்கொண்டு பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை தாண்டி, புங்குடுதீவுப் பாலம் தாண்டிக் குறிகட்டுவான் துறையிலை விட்டுப்போட்டுப் படகேறும். பகல் முழுக்கக் கார் கடற்காத்திலை நிக்கும். பின்னேரம் வந்து அம்மன்ரை குங்குமத்தை ஸ்ரியறிங்கிலை பூசுவினம். ஒரு வாளி நல்ல தண்ணியை அடியிலை அடிக்க ஒருத்தருக்கும் தோணாது. அம்மன் ஆக்களைக் காப்பா. தகரத்தைக் காக்கச் சொல்லி ஆரும் நேத்தி வைக்கிறேல்லை.

கோப்பாய், உரும்பிராய்ப் பக்கம் வளர்ந்த கார் எண்டால் உப்புக் குறைவு, ஆனால் செம்மண். செம்மண்ணிலை ஒரு சூது இருக்கு மருமோன். அதின்ரை நிறமும் கறளின்ரை நிறமும் ஒண்டு. மட்காட்டுக்குள்ளை சிவப்பாக் கிடக்கிறதைப் பாத்து 'என்ன இது?' எண்டு நீர் கேட்டால், 'செம்மண் தம்பி, கழுவினால் போகும்' எண்டு தரகர் சொல்லுவார். விரலை நனைச்சுத் தேய்ச்சுப் பாரும். மண்ணெண்டால் குழைஞ்சு வரும். கறளெண்டால் செதில் செதிலாக் கழரும். செம்மண்தான் எண்டு கண்டாலும் சந்தோசப்படாதையும். சில்லு எறிஞ்ச மண் மூலைக்குள்ளை அப்பிப் போய்க் கிடந்தால் மாதக் கணக்கிலை ஈரத்தைப் பிடிச்சு வைச்சிருக்கும். மண்ணைத் தோண்டி எடுத்துப் பாரும், பின்னாலை கறள் குடியிருக்கும்.

காரைப் பாக்கப் பின்னேரம் போகாதையும். மஞ்சள் வெயிலிலை எல்லாக் காரும் வடிவு. மழை விட்ட கையோடையும் போகாதையும், கழுவி ஈரம் காயாத காரையும் பாக்காதையும். ஈரம் எண்டது செலவில்லாத வார்னிஷ். உச்சி வெயிலிலை போம். உந்தக் கண்டறியாத வெள்ளைக் காற்சட்டை வேண்டாம். அதைப் போட்டவன் குனியமாட்டான் எண்டு தரகருக்குத் தெரியும். ஒரு பழைய சாரம், நிலத்திலை விரிக்க ஒரு உரப்பை, ஒரு ரோச் லைற், ஒரு திருப்புளி, ஒரு காந்தத் துண்டு. காணும்.

காந்தத்தை மெல்லிய துணியிலை சுத்திப் பிடியும். கீறுப்பட்டால் தரகர் அதுக்கும் காசு கேப்பார். மட்காட் விளிம்பு, கதவின்ரை அடி, படி, ஹெட்லைற்றைச் சுத்தி எண்டு காந்தத்தை மெதுவா ஊரவிடும். இரும்பு இருக்கிற இடத்திலை பிடிக்கும். ஓட்டையைப் பசையாலை நிரப்பித் தேய்ச்சுப் பெயின்ற் அடிச்ச இடத்திலை வழுக்கி விழும். மொழியாலை தட்டியும் பாரும். நல்ல தகடு கணீரெண்டும், பசை தொம்மெண்டும். ஒரு இடத்திலை ரெண்டு இடத்திலை பசை இருந்தால் குற்றமில்லை, எழுபது வயசிலை ஆருக்குத்தான் பல்லுக் கட்டாமல் இருக்கு? நடுவிலை பெரிய பரப்பிலை காந்தம் ஒட்டாமல் போனால் நீர் ஒஸ்ரின் வாங்கேல்லை, பசை வாங்கிறீர்.

உள்ளுக்கை ஏறினவுடனை ஹோன் அடிக்காதையும். கால்மிதியைத் தூக்கும். 'அதை ஏன் தம்பி தூக்கிறீர்?' எண்டு தரகர் கேட்டால் கட்டாயம் தூக்கும். புதுக் கம்பளத்தைப் பசை போட்டு ஒட்டியிருந்தால், ஏன் ஒட்டினது எண்டு நீர் கேளும். முன் கண்ணாடியின்ரை ரப்பர் வெடிச்சால் தண்ணி உள்ளாலை வழிஞ்சு கம்பளத்துக்குக் கீழை நிக்கும். மேலாலை கை வைச்சால் காஞ்ச மாதிரித்தான் இருக்கும். மூக்கை வைச்சுப் பாரும், மணம் பொய் சொல்லாது. டிக்கியைத் திறந்து ஸ்பெயார் சில்லைத் தூக்கிப் பாரும். அதுக்குக் கீழை கிடங்கிலை தண்ணி நிண்ட கோடு தெரியும். பற்றறி இருக்கிற தட்டைப் பாரும். அசிட் வழிஞ்சு வழிஞ்சு அதுதான் முதலிலை போறது.

கதவைத் திறந்து அடி விளிம்பிலை விரலை ஓட்டும். சின்னச் சின்ன ஓட்டை இருக்கும், அது தண்ணி வடியச் செய்தவன் விட்ட ஓட்டை. பெயின்ற் அடிச்சவன் அதையும் சேத்து அடைச்சிருப்பான். அடைச்சால் கதவுக்குள்ளை தண்ணி நிக்கும், நிண்டால் அடி உக்கும். பிறகு வாற ஓட்டை செய்தவன் விட்டதில்லை.

பிறகு ஜக்கை வைச்சு ஒரு பக்கத்தைத் தூக்கச் சொல்லும். சில்லு நிலத்தை விட்டு எழும்பின பிறகு அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து மூடிப் பாரும். முந்தி வடிவா மூடின கதவு இப்ப இறுகினால், அல்லது கதவு இடுக்கு மேலை ஒரு அளவும் கீழை ஒரு அளவுமா வந்தால், படி போச்சு. ஜக் ஏற ஏறக் கார் எழும்பாமல் தகரம் மட்டும் நசிஞ்சு உள்ளுக்குப் போனால் அதுக்குமேலை கேள்வி வேண்டாம். ஜக்கிலை நிக்கிற காருக்குக் கீழை மட்டும் தலையைக் குடுக்காதையும். கொம்மாவுக்கு நான் பதில் சொல்லேலாது. கராச்சுக் கிடங்குக்கு மேலை ஏத்திப்போட்டுக் கீழாலை போம்.

அங்கைதான் திருப்புளிக்கு வேலை. பின் வில்லு கொழுவியிருக்கிற இடம், படியின்ரை அடி, ஸ்ரியறிங் பூட்டியிருக்கிற இடத்துத் தகடு. திருப்புளியின்ரை நுனியாலை நல்லா அழுத்தும், குத்தவேண்டாம். நல்ல இரும்பு முறைச்சுக்கொண்டு நிக்கும். உக்கினது பிஸ்கற்றாய் நொருங்கி உம்மடை கண்ணுக்குள்ளை விழும். கண்ணாடி போட்டுக்கொண்டு பாரும். அடி முழுக்க மினுமினுவெண்டு புதுசாக் கறுப்புத் தார் அடிச்சிருந்தால், விக்கிறதுக்கு முதல் நாள் அக்கறை வந்திருக்கு எண்டு அர்த்தம். கறளுக்கு மேலை தார் அடிச்சால் கறள் நிக்காது, ஒளிச்சிருந்து வேலை செய்யும். பிறேக் குழாய்களையும் பாரும். மெல்லிய இரும்புக் குழாய், அந்தக் காலத்துக் காரிலை நாலு சில்லுக்கும் ஒரே வழி. கறள் தின்னுமட்டும் பிறேக் வடிவாப் பிடிக்கும். திண்டு முடிச்ச அண்டைக்கு ஒரு சில்லும் பிடிக்காது. மற்ற எல்லாத்திலையும் விலை பேசலாம், குழாயிலை பேசாதையும். வாங்கினவுடனை புதுசு போடும்.

இங்கிலாந்திலை சட்டம் இருக்காம், ஸ்ரியறிங், வில்லு, சீற்பெல்ற் பூட்டின இடத்திலை இருந்து 30 சென்ரிமீற்றருக்குள்ளை தகடு உக்கியிருந்தால் வருடச் சோதனையிலை பெயில். இஞ்சை லைசென்ஸ் புதுப்பிக்கப் புகைச் சோதனை செய்யினம். பின்னாலை என்ன வருது எண்டு பாப்பினம், கீழை என்ன விழுது எண்டு பாக்கமாட்டினம். புகை நல்லது எண்டு கடதாசி கையிலை இருக்கும், கால் றோட்டிலை இருக்கும்.

பாக்கேக்கை வாயைத் திறக்காதையும். ஓட்டையைக் கண்டவுடனை 'ஐயோ' எண்டு கத்தினால் தரகர் தயாரா வைச்சிருக்கிற பதிலைச் சொல்லுவார். 'ம்' எண்டு மட்டும் சொல்லும். ஒவ்வொரு இடமாக் குனியும், பாரும், 'ம்'. நீர் எதைக் கண்டீர் எண்டு தெரியாமல் மனுசன் அந்தரப்படுவார். அஞ்சாவது 'ம்'முக்கு அவரே விலையை இறக்குவார். நம்பர் தகட்டைக் காட்டி மயக்கப் பாப்பார்: 'பழைய இங்கிலீசு எழுத்து தம்பி, ஸ்ரீ வாறதுக்கு முந்தின நம்பர்.' மெய்தான், அந்த எழுத்துக்கு மட்டும் காசு குடுக்கிற ஆக்களும் இருக்கினம். எழுத்திலை ஏறி நல்லூருக்குப் போகேலாது. 2020 மார்ச்சிலை வாகன இறக்குமதியை நிப்பாட்டினாங்கள், 2025 பெப்ரவரியிலைதான் சொந்தக் கார் திரும்ப விட்டவங்கள். அந்த இடைவெளியிலை கோழிக்கூட்டுக்குப் பக்கத்திலை குப்புறக் கிடந்த தகரமெல்லாம் எழும்பி நிண்டு 'வின்ரேஜ்' எண்டு பேர் வைச்சுக்கொண்டது. வலிகாமத்து ஆக்கள் 1995 இடப்பெயர்வோடை விட்டுப்போட்டுப் போன காருகள் கொட்டிலுக்குள்ளை நிண்டபடி உக்கினது. அதுகளின்ரை கதவும் மட்காட்டும் எங்கையெங்கை எந்தெந்தக் காரிலை ஏறியிருக்கு எண்டு நாயன்மார் கணக்கெடுத்தாலும் முடியாது. உம்மடை பச்சைக் காரின்ரை உள்ளிடுக்கிலை நீலப் பெயின்ற் தெரிஞ்சால் ஆச்சரியப்படாதையும்.

எதைக் கண்டால் விட்டிட்டு வரவேணும் எண்டு கேக்கிறீரே? மட்காட், கதவு, டிக்கி மூடி, பம்பர், இதெல்லாம் மாத்தலாம், அடிக்கலாம். மேலாலை சிவப்புத் தூளாக் கிடந்து, தேய்ச்சால் வெள்ளை இரும்பு தெரிஞ்சால் அது வெறும் தோல் வியாதி. ரெண்டு படியும் போய், அடித்தட்டும் போய், வில்லுக் கொழுவின இடமும் போயிருந்தால், அனுப்பின பாதிக் காசை அம்மனுக்கு உண்டியல் போட்டதா நினைச்சுக்கொண்டு திரும்பி வாரும். ஒரு பக்கப் படி மட்டும் எண்டால், 'ம்' எண்டு இன்னும் ரெண்டு தரம் சொல்லி விலையைக் குறைச்சுக்கொண்டு எடும்.

எடுத்தால் தகர வேலை செய்யிற ரிங்கரிட்டைக் குடுக்கவேணும். இதிலை ஏமாந்தவை கனபேர். உக்கின படிக்கு மேலை புதுத் தகட்டை வைச்சு ஒட்டிப்போட்டுப் 'புதுப்படி' எண்டு சொல்லுவினம். உள்ளுக்கை பழைய கறள் புதுத் தகட்டையும் சாப்பிடும். நல்ல இரும்பு வாறவரைக்கும் வெட்டி எடுக்கவேணும். வெட்டிறதுக்கு முதல் கதவு வாசலுக்குக் குறுக்காலை இரும்புக் கம்பி வைச்சு இறுக்கவேணும். அது இல்லாமல் படியை வெட்டினால் கார் நடுவாலை வளையும், பிறகு கதவு எண்டைக்கும் பூட்டாது. வெல்டிங் துவங்க முதல் பற்றறியும் பெற்றோல் தாங்கியும் காருக்கு வெளியிலை இருக்கிறதைக் கண்ணாலை பாரும். 'தாங்கி வெறும் தாங்கி' எண்டு சொல்லுவாங்கள். வெறும் தாங்கிக்குள்ளை ஆவி இருக்கும், அதுதான் பொல்லாதது. பிறகு சிவப்பு ஒக்சைட் அடிச்சு மாதக் கணக்கிலை வெயிலிலை விடுவாங்கள். அது தனிய நிண்டால் ஈரத்தைக் குடிக்கும். மேலை உடனை பெயின்ற் ஏறவேணும். பூட்டின படிக்குள்ளை, பொள்ளலுக்குள்ளை, மெழுகு கலந்த எண்ணெய் பீச்சவேணும். வெளியிலை மூண்டு பூச்சு அடிச்சு உள்ளுக்கை ஒண்டும் அடிக்காத ரிங்கருக்கு அரைக் கூலி குடும்.

கனடாவிலை ஒவ்வொரு மாரிக்கும் முதல் காரின்ரை அடிக்கு எண்ணெய் அடிக்கிறவையாமே? நல்ல பழக்கம். அதைக் கேள்விப்பட்டு இஞ்சை சிலபேர் கழிச்ச எஞ்சின் ஒயிலை வாளியிலை கொண்டுவந்து அடி முழுக்கப் பூசினம். ரப்பர் புஷ் எல்லாம் ஊதிப் பழுதாகும். மிச்சம் சொட்டுச் சொட்டா வளவிலை விழும். கீழை சுண்ணாம்புக்கல் நிலம், வெடிப்பும் பொந்தும், விழுந்தது நேரை கிணத்துக்குப் போகும். சுன்னாகத்துக் கிணறுகளிலை எண்ணெய் மிதந்த கதை தெரியும்தானே, அந்தச் சனம் தண்ணிக்குப் பவுசரைப் பாத்துக்கொண்டு நிண்டது. காருக்குக் கறள் பிடிக்காமல் இருக்க நாங்கள் ஒயிலிலை தேத்தண்ணி வைச்சுக் குடிக்கேலாது. காசு குடுத்து நல்ல மெழுகு வாங்கி அடியும்.

கழுவிற கதை. தீவுக்குப் போய் வந்தால் அண்டைக்கே கழுவவேணும், அடியிலை இருந்து துவங்கவேணும். எங்கடை ஆக்கள் கூரையிலை துவங்கி, கண்ணாடிக்கு வரேக்கை களைச்சு, தேத்தண்ணி குடிக்கப் போயிடுவினம். எந்தத் தண்ணி எண்டும் பாரும். சவர்த் தண்ணிக் கிணத்திலை அள்ளிக் காரைக் கழுவினால் உப்பை எடுத்துப்போட்டு உப்பை வைக்கிறீர். வாளித் தண்ணியை நாக்கிலை வைச்சுப் பாரும். குடிக்க ஏலாத தண்ணி காருக்கும் ஏலாது. றேடியேற்றருக்கும் அப்பிடித்தான், மழைத்தண்ணி பிடிச்சு வைச்சு விட்டால் இன்னும் நல்லம். கழுவினாப் பிறகு ஒரு ஈர்க்கை எடுத்துக் கதவடி ஓட்டைகளைக் குத்திவிடும். பற்றறி முனையிலை வெள்ளையாப் பூத்தால் அப்பச்சோடாவைத் தண்ணியிலை கரைச்சு ஊத்திக் கழுவிப்போட்டுக் கிரீஸ் பூசும்.

ஒண்டு மட்டும் செய்யாதையும். ரிக்கற்றுக்கு நாள் வந்தவுடனை காருக்குப் படங்கு போத்து இறுக்கிக் கட்டிப்போட்டுப் பிளேன் ஏறுவீர். வெளிநாட்டிலை இருந்து வாற எல்லாரும் செய்யிற வேலை அது. பகலிலை சூட்டுக்கு நிலத்து ஈரம் எழும்பும், இரவிலை படங்குக்குள்ளை வேர்க்கும், காத்துப் போக வழியில்லை. அடுத்த வருசம் நீர் வந்து அவிழ்க்கேக்கை பச்சைக் கார் இருக்காது. சீமெந்து நிலம், மேலை ஒரு கூரை, நாலு பக்கமும் காத்துப் போற கொட்டில், அது காணும். கிடுகுக் கொட்டில் எண்டு உமக்கு வெக்கமாயிருக்கும். நீர் கட்ட நினைக்கிற உருட்டுக் கதவுக் கராச்சைவிட அது காருக்குச் சுகம். வேம்புக்குக் கீழை விடாதையும். சருகு முன் கண்ணாடிக்குக் கீழை இருக்கிற காத்து வழியை அடைச்சு, தண்ணியைத் தேக்கி வைக்கும்.

கொட்டில் மட்டும் காணாது. கார் கிழமைக்கு ஒருக்கால் ஓடவேணும். எஞ்சின் சூடேறி, புகைக்குழாய்க்குள்ளை நிக்கிற ஈரம் காய, பிறேக் உறைஞ்சு போகாமல் இருக்க, ஒரு பத்துக் கிலோமீற்றர் எண்டாலும். அதுக்கு ஆள் வேணும். கொப்பரின்ரை தம்பியிட்டைத் திறப்பைக் குடுக்கலாம் எண்டு கொம்மா சொன்னவ. குடும். அவற்றை சைக்கிளின்ரை மட்காட்டைப் பாத்துப்போட்டுக் குடும். உம்மடை மச்சானிட்டைக் குடுக்கலாம், நல்ல பெடியன், அவனுக்குக் காசுக்குக் காரை விடுற ரெண்டு சிநேகிதர் இருக்கினம், மார்கழிக்கு முதல் உம்மடை கார் பத்துக் கலியாணம் பாத்திருக்கும். கராச்சிலை விடலாம், அங்கை ஒரு சாமான் வேணுமெண்டு வாற அடுத்த கேம்பிரிட்ஜ்காரன் உம்மடை காரைத்தான் முதல் பாப்பான்.

என்னை நீர் கேக்கேல்லை, நானும் கேக்கச் சொல்லேல்லை. எனக்கு என்ன வேலை, சும்மா இருக்கிற கட்டை. வெள்ளிக்கிழமை சந்நிதிக் கோயிலுக்குப் போறனான், இப்ப பஸ்ஸிலை. சந்நிதி தொண்டைமானாற்றங்கரையிலைதான் இருக்கு, உப்புக் காத்துத்தான், எனக்கும் தெரியும். வந்தவுடனை கழுவுவன். முதுகு குனியாது எனக்கு, அதுக்கொரு பெடியனைப் பிடிக்கவேணும். அவன்ரை கூலியையும் பெற்றோல் காசையும் மாசம் பிறக்க அனுப்பிவிடும். கொம்மாவின்ரை பேருக்கு அனுப்பாதையும், என்ரை பேருக்கு.